எந்த வேலையை எடுப்பது?

தெமியாங் பக்கம் நம் பிள்ளைகள் சட்டம் படித்து முடிப்பது இப்போது அபூர்வம் இல்லை. ஒன்பது மாத சேம்பரிங் முடிகிற நேரத்தில் சில பேருக்கு இரண்டு கடிதம் வந்துவிடுகிறது. ஒன்று கோலாலம்பூரில் பெரிய ஆபீஸ்: நிலம், வங்கி, கம்பெனி வேலை, நல்ல சம்பளம். இன்னொன்று சிரம்பானில் கடைக்கு மேல் மாடியில் சின்ன ஆபீஸ்: வேலைநீக்கம், விபத்து, குடும்ப வழக்கு. "அண்ணே, எதை எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள்.

சுயதர்மம் பேசி சின்ன ஆபீசுக்கு அனுப்பிவிடுவது சுலபம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. படிப்புக் கடன் தலைமேல் நிற்கிற பிள்ளைக்குத் தியாக வகுப்பு எடுக்க நாம் யார்?

1893-இல் காந்திக்கும் இப்படி ஒரு கணக்கு வந்தது. ராஜ்கோட்டில் மனு எழுதிக்கொடுத்து மாதம் சராசரி 300 ரூபாய் பார்த்துக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தாதா அப்துல்லா கம்பெனி, ஒரு வருட வேலைக்கு 105 பவுண்டும் கப்பல் செலவும் சாப்பாடும் தருவதாகச் சொன்னது. ஊரில் ஓர் ஆங்கில அதிகாரியிடம் பட்ட அவமானம் வேறு. எப்படியாவது வெளியே போனால் போதும் என்றிருந்தார், பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். சேவை என்ற எண்ணமே அப்போது இல்லை.

1894-இல் திரும்ப இருந்தவரை, இந்தியர் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவுக்காக அங்கேயே தங்கச் சொன்னார்கள். பொதுவேலைக்குச் சம்பளம் வேண்டாம், உங்கள் வழக்குகளைக் கொடுங்கள் என்றார். ஏறக்குறைய இருபது வியாபாரிகள் கொடுத்தார்கள். சில மாதத்தில் அந்த ஆபீஸ் வாசலில் ஒரு தமிழர் வந்து நின்றார். பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்து முன்பல் உடைந்து, வாயில் ரத்தம், கையில் தலைப்பாகை. நம் பாட்டன்மாரைப் போல ஓர் ஆள். சொல்லாமல் ஓடினால் அவருக்குத்தான் ஜெயில். காந்தி அவரை வேறு முதலாளிக்கு மாற்றிவிட்டார்.

வியாபாரிகளின் பணம்தான் அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தது. அதனால் பணக்காரக் கட்சிக்காரர் என்றாலே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் தோட்டம் விற்றதும் லயத்துக்கு ஒரு நோட்டீஸ் வருகிறது, வீட்டைக் காலி பண்ணு என்று. அதையும் ஒரு வக்கீல்தான் எழுதுகிறார். நியாயமான கட்டணத்துக்கு யார் வழக்கையும் ஏற்கவேண்டும், விசேஷ காரணம் இருந்தால் மறுக்கலாம் என்பது 1978-ஆம் ஆண்டு வழக்கறிஞர் நடத்தை விதி. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது; எல்லாருக்கும் வக்கீல் வேண்டும். ஒரு வழக்கை ஏற்பது ஒரு நாள் முடிவு. ஆபீஸ் அப்படி இல்லை. அங்கே புதிதாகச் சேர்ந்தவருக்கு ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது, பத்து வருடத்தில் அதுவே பழக்கமாகிவிடும். ஆகவே நேர்காணலிலேயே கேளுங்கள்: மனசுக்கு ஒப்பாத ஃபைலை மறுக்கலாமா? சட்ட உதவி மையத்துக்குப் போக விடுவீர்களா? பதில் சொல்லும்போது அவர் முகத்தையும் பாருங்கள்.

சின்ன ஆபீஸையும் விடாதீர்கள். ஏழைகளுக்காக உழைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே தன் குமாஸ்தாவுக்குச் சம்பளம் இழுத்தடிக்கிற இடங்களும் உண்டு. வேலைநீக்கம் செய்யப்பட்டவர் மீண்டும் வேலை கேட்டு மனுப்போட 60 நாள்தான் கெடு. நல்ல மனசோடு அந்தத் தேதியைத் தவறவிடுகிற வக்கீலால் தோட்டத்து ஆளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. எந்த சீனியர் உங்களை உட்காரவைத்து மனு எழுதக் கற்றுக்கொடுப்பார் என்று அங்கே வேலை பார்த்தவர்களிடம் விசாரியுங்கள். சம்பளத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.