தந்தையின் கடையும் மைந்தன் கடனும்

இறந்த தந்தையின் வீடும் நிலமும் மக்கட்கு உரியவாதல் உலகறிந்தது. அவ்வுரிமை எழுத்தாலும் வழக்காலும் நிலைபெறும். ஆயின், தந்தை ஓரூரார்க்குத் துணையாக நடத்திவந்த சிறு கடையொன்று இருப்பின், அதனை மேற்கொண்டு நடத்துதல் மைந்தனுக்குக் கடனாமோ, அன்றி அவன் விருப்பிற்கு விட்டதாமோ என்பது எளிதின் முடிவு செய்தற்கரியதொரு வினா. கடைக்குரிய அறையும் தராசும் பொருள்கள், அவை கைம்மாறும். அக்கடையை நம்பி வாழ்ந்தாரது நம்பிக்கையும் அங்ஙனம் கைம்மாறுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சேலத்தினின்று ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், 20 கொண்டை ஊசி வளைவுகளையுடைய மலைப்பாதையின் முடிவில் உள்ளது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்தமையின் அப்பெயர் பெற்றது என்பர். அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலை 5,000 அடிக்கு மேலும் உயர்ந்தது. அதன் மேலிடத்தே சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்கோயில் கொண்டு விளங்குகின்றனர். மலையாளிகள் எனப்படும் தமிழ் பேசும் மலைக்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தவர் என்று வழிவழியாகக் கூறுவர். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையின் காலத்தில் அங்கே காப்பிப் பயிர் புகுந்தது. அதன்பின் தோட்டக்கூலியே பலர்க்கு வாழ்வாயிற்று. காப்பிப்பழம் பறிக்கும் மாதங்களிற் கையிற் காசு புழங்கும். ஏனை மாதங்களில் வேலை சுருங்கும். ஆயினும் வயிறு எல்லா மாதமும் உண்டு. ஆதலின் இத்தகைய இடங்களில், அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்துக் கூலிநாளில் வாங்கிக்கொள்ளும் சிறு கடைக்காரன் வணிகன் மட்டுமாய் நில்லாது ஊர்க்கு ஓர் ஊன்றுகோலும் ஆகின்றான்.

அம்மலையூர் ஒன்றில் அத்தகையான் ஒருவன் இறந்தான் என்க. உரையாசிரியர் வழக்குப்படி அவன் மகனைச் சாத்தன் என்க. சாத்தன் கீழே சேலத்தில் மாதச்சம்பளத்திற்கு வேலை செய்பவன். பதினாறாம் நாட் சடங்கு முடிந்தது. மறுநாட் காலையிற் பூட்டிய கதவின்முன் நான்குபேர் பையுடன் வந்து நிற்கின்றனர். அவருள் ஒருத்தி, “கடை இனி உண்டா, அப்பா?” என்று வினவுகின்றாள். திறவுகோல் சாத்தன் கையில் உள்ளது. அவன் செய்யத்தக்கது யாது?

ஈண்டு இருதிறத்தார் இருவேறு கூறுவர். ஒரு சாரார், “தந்தை தொடங்கிய அறம் மகனால் நின்றுபோயின் தந்தையின் புண்ணியம் குறையும், ஆதலின் நடத்தியே தீரவேண்டும்” என்பர். மற்றொரு சாரார், “வினை அவரவர்க்கே உரியது, தந்தையின் கடை தந்தையொடு முடிந்தது, அதனை விடாது பிடித்தல் பாசமேயாம்” என்பர்.

முன்னையார் கூற்றுப் பொருந்தாது. என்னை? சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்னும் மூவகைக் கன்மமும் செய்தவனையே சாரும் என்பதும், சடமாகிய வினையைச் செய்தவனுக்கே அறிந்து கூட்டுபவன் இறைவன் என்பதும் சித்தாந்தம். தந்தை பசித்தார்க்கு அளந்த அரிசியின் பயன் அவர் அளந்த அப்பொழுதே அவர்க்கு உரித்தாயிற்று. பின்னர்க் கடை மூடப்படினும் அது குறையாது. திறக்கப்படினும் அதனால் வளராது. தென்புலத்தார்க்குச் செய்யும் கடன் வேறு. தந்தையின் புண்ணியக் கணக்கை நீட்டுவதாக எண்ணுதல் வேறு.

பின்னையார் கூற்றோ பாதி மெய். வினை அவரவர்க்கே உரியது என்றது உண்மை. அதனாற் சாத்தனுக்குக் கடன் இல்லை என முடித்தது பிழை. தந்தையின் வினை அவனுக்கு வாராதாயினும், கதவின்முன் நிற்கும் நால்வரும் அவன் கண்முன் நிற்கின்றனர். அவர்க்கு அவன் சொல்லும் விடை அவன் ஆகாமியமே. தந்தை விட்டுச்சென்றது அறத்தின் பயனன்று, அறம் செய்தற்குரிய இடம். அவ்விடத்தை ஏற்பவன் புதிதாகவே தொடங்குகின்றான்.

இதனைத் தெளிவிப்பது திருவீழிமிழலையில் நிகழ்ந்ததோர் அற்புதம். மழை பொய்த்து நாடு வற்கடமுற்ற காலத்து, அடியார்களை ஊட்டுதற்பொருட்டு ஆளுடைய பிள்ளையார்க்கும் ஆளுடைய அரசர்க்கும் இறைவன் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். கீழைப் பீடத்துக் காசு பிள்ளையார்க்கு. மேலைப் பீடத்துக் காசு அரசர்க்கு. அரசர் திருமடத்தில் உரிய வேளையில் அமுது அமைந்தது. பிள்ளையார் திருமடத்திலோ தாழ்த்தது. காரணம் உசாவியபொழுது, அரசர் காசு கடைவீதியில் வட்டமின்றிச் செல்லுதலும், பிள்ளையார் காசுக்கு வாசி கேட்கப்படுதலும் தெரியவந்தன. அரசர் கைத்தொண்டு செய்தலின் அவர் காசு வாசியின்றி வந்தது எனப் பிள்ளையார் உணர்ந்தருளினார். பின்னர் இறைவனைப் பாடி, வாசியற்ற காசே பெற்றார் எனப் பெரியபுராணம் கூறும்.

பிள்ளையார் சற்புத்திர மார்க்கத்திற்கு எடுத்துக்காட்டாவார். அரசர் தாச மார்க்கத்திற்கு. மகன்மையிற் சிறந்த அப்பெருந்தகையார் காசுக்கும் ஒருகால் வாசி உண்டாக, உழவாரப்படை ஏந்திய கையினர் காசு நிறைவிலைக்குச் சென்றது. அருளாளர் இருவர்க்குள் ஏற்றத்தாழ்வு காட்டுதல் அதன் கருத்தன்று. உலகத்தார் அறிதற்பொருட்டு இறைவன் காட்டிய குறிப்பாகவே அதனைக் கொள்ளல் தகும். மகன் என்னும் பெயர் ஒன்றே கொண்டு கல்லாவில் அமர்பவன் வாசியுள்ள காசு போல்வான். ஊரார் தந்தையை நினைந்து சின்னாள் ஏற்பர். பின் வட்டம் கேட்பர். வைகறையில் எழுந்து கதவு திறந்து, மூட்டை இறக்கி, சரியாக நிறுத்துக் கொடுக்கும் கையே வாசியற்ற காசு. நம்பிக்கை கைம்மாறுமோ என்ற வினாவிற்கு விடை இதுவே: அது கைம்மாறுவதில்லை, கைத்தொண்டால் மீளவும் ஈட்டப்படுகின்றது.

இனிச் சாத்தனுக்குக் கடினமான சோதனை தந்தையின் பேரேட்டில் உள்ளது. அதன்கண் ஊரார் தரவேண்டிய கடன்கள் உள்ளன. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குத் தந்தை தரவேண்டியவும் உள்ளன. சட்டம் இவற்றிற்கு எல்லை வகுத்துள்ளது. தவணை குறியாது விற்ற சரக்கின் விலையை மூன்றாண்டுக்குள் வழக்கிட்டுப் பெறவேண்டும் என்பது 1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். தந்தை பட்ட கடனைத் தீர்த்தல் மகனது அறக்கடமை என்ற காரணம் ஒன்றே பற்றி அவன்மேல் வழக்குச் செல்லுமாறு முன்பு இருந்த நெறியை, 2005 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 9 ஆம் நாளுக்குப் பின் பட்ட கடன்கட்கு நீக்கிவிட்டது. தந்தை விட்ட பொருளளவிலேயே இன்று பொறுப்பு நிற்கும். வழக்குமன்றம் விடுத்த இடத்தில்தான் மனச்சான்றின் வேலை தொடங்குகின்றது.

கொடுக்கத்தக்கவரிடம் சாத்தன் இன்சொல்லாற் கேட்டுப் பெறுக. கொடுக்கமாட்டாதார் பெயரைக் கோடிட்டு நீக்குக. நீக்கியதைப் பிறரிடம் சொல்லிக்காட்டாதிருக்க. அப்பொருள் இப்பொழுது அவனுடையதாதலின் அதனை விடுதல் அவன் செய்த அறமேயாம். முதியாள் ஒருத்தி, “உன் தந்தையிடம் சீட்டின்றிச் சிறுபணம் கொடுத்துவைத்தேன்” என்று வந்து நின்றால், ஏட்டில் இல்லை என்று மட்டும் சொல்லித் திருப்புதல் சைவனுக்கு ஆகாது. அக்கம்பக்கத்தார் வாய்மொழி கேட்டு, மெய்யெனத் தோன்றின் கொடுத்துத் தீர்த்தல் வேண்டும். கொடுத்ததைப் பற்று என எழுதுதல் தமிழ்க் கணக்கு மரபு. நெஞ்சைப் பிணிப்பதற்கும் அதுவே பெயர். நெஞ்சிற் பற்று மிக்கவன் ஏட்டிலுள்ள பற்றை நேர்மையாகத் தீர்த்தல் அரிது.

மற்றொன்றும் நோக்குக. இரக்கத்தால் எல்லார்க்கும் கடன் கொடுத்து, மண்டிக்காரர்க்குக் கொடாது நிற்பவன் தருமம் செய்தானல்லன். பிறர் பொருளை எடுத்துத் தன் பெயரால் வழங்கினான். தன் முதலின் அளவறிந்து கொடுப்பதே நிலைக்கும்.

அற்றேல், சாத்தன் கடையை நடத்தியே தீரவேண்டுமோ எனின், அற்றன்று. அவனுக்கு நோயுற்ற மனைவி இருக்கலாம்; சிறுமக்கள் இருக்கலாம்; அத்தொழிற்கு வேண்டும் பொறுமை இல்லாதிருக்கலாம். வெறுப்போடு திறக்கும் கடை ஊர்க்கும் அவனுக்கும் நன்றன்று. அங்ஙனமாயின் மூடுக, ஆயின் முறைப்படி மூடுக. வேறு ஏற்பாடு செய்துகொள்ளுதற்கு ஊரார்க்குக் காலம் கொடுத்து, அடைக்கலப் பொருளைத் திருப்பி, மண்டிக்கடனைத் தீர்த்து, ஊரில் தகுதியுடையான் ஒருவனுக்குத் தராசை ஒப்புவித்தலும் தந்தைக்குச் செய்யும் மரியாதையே. மைந்தன் விலக மகள் முன்வரின், அவள் கடையும் அவ்வூர்க்கடையே. கைத்தொண்டிற்கு ஆண் பெண் என்னும் வேற்றுமையில்லை.

அந்நால்வர்க்கும் சாத்தன் அன்று விடை சொல்லியாதல் வேண்டும். நடத்துவதாயின், “உண்டு, அம்மா” என்று சொல்லிக் கதவைத் திறக்க. இல்லையாயின், எத்தனை நாள்வரை திறந்திருக்கும் என்பதை மெய்யாகச் சொல்லி, அந்நாள்வரை அளக்க. இரண்டிலும் தராசின் முள் நேர்நிற்றல் வேண்டும். சடமாகிய தராசை நோக்குவார் நால்வர். அதனைப் பிடித்த நெஞ்சை நோக்குவான் ஒருவன். அவன் நோக்கின்முன் தந்தையின் கணக்கு வேறு, மைந்தனின் கணக்கு வேறு. இருவர்க்கும் அருள் ஒன்றே.

திருச்சிற்றம்பலம்.