மிகுபொருள் விரும்பாமையும் மின்னாற்றலும்



இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியில் நிற்பது மிகுபொருள் விரும்பாமை. கொல்லாமையை நாம் உயிரெனக் காக்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம்; பொழுது சாயுமுன் உண்கிறோம். ஆயின் ஐந்தாம் விரதத்தை நோன்பு நாளில் சொல்லி, மறுநாளே மறந்துவிடுகிறோம். இவ்விரதம் நம் வீட்டு மின்கணக்கையும் தொடும் என்பதே இங்கு யாம் கூற விழைவது.

சென்ற கோடையில் திருவில்லிப்புத்தூரை அடுத்த மடவார் வளாகத்தில், எம்முடன் ஆசிரியப் பயிற்சி பெற்ற தோழியார் இல்லத்தில் சில நாள் தங்கினோம். ஒருநாள் மாலை, யாம் உண்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவர் கேட்டார்: “அக்கா, மாடியில் சூரிய ஒளித் தகடு பதிக்கப் போகிறோம். இனிக் கட்டணக் கவலை இல்லை, அறைக்கு அறை ஏசி வைத்துவிடலாம் என்கிறான் பையன். வெயில் யாருக்கும் சொந்தமில்லையே! இதிலும் உங்கள் சமயம் குறை காணுமா?”

உடனே விடை கூற எமக்கு இயலவில்லை.

அவ்வூர் வழியே செல்லும் சாலையில் ஒருபுறம் சென்றால் நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையம். மறுபுறம் மதுரை நோக்கிச் சென்றால் டி. கல்லுப்பட்டி. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. விடை அவரிடமிருந்து கிடைத்தது.

குமரப்பா 1892-இல் தஞ்சையில், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்காயர் கல்வியும், அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் பயின்றவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் மேனாட்டு உடை நீக்கிக் கதர் அணிந்தார். 1934-இல் தொடங்கப்பெற்ற அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவர்தம் நூல் ஜபல்பூர்ச் சிறையில் எழுதப்பட்டு 1945-இல் வெளிவந்தது. காந்தியடிகள் மறைந்த அதே சனவரி 30-ஆம் நாளில், 1960-இல், குமரப்பாவும் மறைந்தார்.

உயிர்கள் பொருள் தேடும் வழிகளை அவர் ஐவகையாகப் பிரிக்கிறார். ஆட்டைக் கொன்று வாழும் புலியின் வழி கடைநிலை. ஒன்றும் நடாமல் மாந்தோப்பில் கனி பறிக்கும் குரங்கின் வழி அதற்கு அடுத்தது. கைம்மாறு கருதாது குஞ்சைப் பேணும் தாய்ப்பறவையின் வழியே தலையாயது. உயிர்களின் பயன் ஒன்றுக்கொன்று உபகாரம் செய்வதே எனத் தத்துவார்த்த சூத்திரத்தில் கற்ற நமக்கு, இது புதிதன்று.

ஆற்றலையும் அவர் இருவகையாகக் கண்டார். வெயிலும் காற்றும் ஓடும் நீரும் நாள்தோறும் வருபவை. நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறைபவை. குறையும் பொருள்மேல் வாழ்வை நிறுத்தினால் போட்டி எழும். போட்டி போராக முடியும் என்றார். 1973-இல் மேற்காசியப் போரை ஒட்டி எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானதை எம் தலைமுறை கண்டது. இன்றும் நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே பெறுகிறது. இதை எண்ணியே போலும், மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கை அவருடைய சங்கம் அன்றே உருவாக்கியது.

அப்படியாயின் வெயிலுக்கு மாறிவிட்டால் போதுமா? போதாது. இதற்கு எம் வாழ்விலேயே சான்று உண்டு.

எம் ஊர் வந்தவாசிப் பகுதி. 1990-இல் தமிழ்நாட்டு உழவர் அனைவருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. எளிய உழவர்க்கு அது பேருதவி. எம் வயலிலோ, நெல்லுக்கு வேண்டிய நீர் பாய்ந்த பின்னும் இரவெல்லாம் மோட்டார் ஓடிற்று. “காசா பணமா, ஓடட்டும்” என்று யாமே சொன்னோம். அடுத்த காணிக்காரரின் கிணறு வற்றியது. அவர் அவ்வாண்டு பயிர் வைக்கவில்லை. எம்மை ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவ்வாண்டும் ஐந்து விரதங்களையும் யாம் பிழையின்றி ஒப்புவித்தோம். பிரதிக்கிரமணத்தில் எத்தனையோ குற்றங்களைச் சொன்ன யாம் இதைச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறோம்.

சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டகத்தில், பயனின்றி மண்ணையும் நீரையும் தீயையும் காற்றையும் அலைக்கழித்தலை அநர்த்த தண்டத்தில் ஒன்றாக வைத்தார். இவை நமக்கு வெறும் பொருள்களல்ல, ஓரறிவுயிர்களின் உடல்கள். விலை கொடுக்கும்போது பணப்பை நம்மைத் தடுக்கும். விலை இல்லாதபோது தடுப்பது விரதம் ஒன்றே. ஆகவே, இலவசமாய்க் கிடைக்கும் இடத்தில்தான் மிகுபொருள் விரும்பாமை சோதிக்கப்படுகிறது.

தோழியாருக்கு மறுநாள் காலை விடை கூறினோம்: “தகட்டைப் பதியுங்கள், நல்லதே. பதிக்குமுன் குடும்பத்தார் கூடியிருந்து, இவ்வளவே நமக்குத் தேவை என்று ஓர் அளவை எழுதி வையுங்கள். மிஞ்சுவது பொதுக் கம்பிக்குப் போகட்டும்.” அவர் சிரித்துவிட்டு, “பையனிடம் நீங்களே சொல்லுங்கள், அக்கா” என்றார். சொன்னோம். ஓர் ஏசி போதும் என்று அவன் ஒப்புக்கொண்டான்.

அன்பர்களே, பொருளுக்கும் நுகர்வுக்கும் எல்லை வகுப்பதே பரிமாண விரதம். வரும் தசலட்சண நாள்களில் ஒவ்வொரு இல்லத்தாரும் மின்சாரம், எரிவாயு, பெட்ரோல், கிணற்று நீர் ஆகிய நான்கிற்கும் ஓர் அளவு குறித்து ஏட்டில் எழுதுவீர்களாக. அடுத்த ஆண்டு அதே நாளில் அவ்வேட்டை எடுத்துப் பார்ப்பீர்களாக. நாட்டின் ஆற்றல் பஞ்சத்தை ஆள்வோர் தீர்க்கட்டும். அளவில்லா விழைவைத் தீர்க்க வேண்டியவர்கள் நாமே.

எம் ஏட்டில் முதலில் எழுதியது, மோட்டார் ஓடும் நேரம்.

அறம் வளர்க!