அப்பத்தா சொன்ன பொய்

வயிறு முன்னால் கூம்பித் தள்ளியிருந்தால் பையன், பக்கவாட்டில் பரந்திருந்தால் பொண்ணு. உட்கார்ந்து எழும்போது வலது கையை ஊன்றினால் பையன். இனிப்பு கேட்டால் ஒன்று, புளிப்பு கேட்டால் இன்னொன்று. நூலில் மோதிரத்தைக் கட்டி வயிற்றுக்கு மேலே தொங்கவிட்டு, அது வட்டமடிக்கிறதா ஊசலாடுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. உண்டாகியிருக்கும் ஒரு பெண் எங்கள் ஊரில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் இதில் நாலைந்தையாவது கேட்டுவிடுவாள். யாரும் அவளிடம் அனுமதி கேட்பதில்லை. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் அது பொதுச்சுவர் ஆகிவிடுகிறது, வருகிறவர் போகிறவரெல்லாம் வாசிக்கலாம்.

இந்தக் குறிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் முகம் பளிச்சென்று இருந்தால் பொண்ணு. நான் கட்டிக்கொண்டு போன ஊரில், பொம்பளைப் பிள்ளை தாயின் அழகை எடுத்துக்கொள்ளுமாம், அதனால் முகம் பளிச்சென்று இருந்தால் பையன். பேருந்தில் இரண்டரை மணி நேரம் பயணம் செய்ததில் என் வயிற்றுப் பிள்ளை ஒரு முறை மாறிவிட்டது.

பழைய விளையாட்டுதான். வலது ஆணுக்கு, இடது பெண்ணுக்கு என்ற கணக்கு கிரேக்கத் தத்துவவாதிகளிடமும் இருந்தது. மூச்சு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வைத்து திருமந்திரமும் அதையே சொல்கிறது. எகிப்தில் கோதுமை மீதும் பார்லி மீதும் கர்ப்பிணியின் சிறுநீரை ஊற்றி, எது முதலில் முளைக்கிறது என்று பார்த்தார்கள். 1963இல் இதைச் சோதித்தபோது, கர்ப்பம் இருக்கிறதா என்பதை அந்த முறை ஓரளவு சரியாகக் காட்டியது, ஆணா பெண்ணா என்பதை மட்டும் காட்டவில்லை. 1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 104 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், வயிற்றின் வடிவத்துக்கும் பிறந்த குழந்தைக்கும் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான மசக்கை வந்த பெண்களிடம் மட்டும் பெண் குழந்தைகள் சற்று அதிகம் என்று அதே ஆண்டு ஒரு ஸ்வீடன் ஆய்வு சொன்னது. நூற்றுக்கு ஐம்பத்தாறு. அதை வைத்து யாரும் பந்தயம் கட்ட முடியாது.

ஆக இவையெல்லாம் பொய் என்று நிரூபிக்க என் கட்டுரை தேவையில்லை. காசைச் சுண்டிப் போட்டாலும் பாதி சரியாகத்தான் வரும். என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. என் அப்பத்தா எல்லோருக்கும் பையன் என்றே சொன்னாள்.

அப்பத்தா மருத்துவச்சி இல்லை. ஆனால் தெருவில் யாருக்காவது வலி கண்டால் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். வயிற்றைப் பார்த்துச் சொல்வதில் கைராசிக்காரி என்று பெயர். ஐந்தாம் ஆறாம் மாதத்தில் மருமகளைக் கூட்டிக்கொண்டு மாமியார்கள் வருவார்கள். அவள் அந்தப் பெண்ணை நடக்கச் சொல்வாள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பாள், வயிற்றில் கை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவாள். பிறகு, "ஆம்பளப் பிள்ளதான், சந்தேகமே வேணாம்" என்பாள். கல்லூரி விடுமுறைகளில் வீட்டில் இருந்தபோது இதை ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். எல்லாமே பையன்.

ஒருநாள் கேட்டேன். "ஏன் அப்பத்தா, யாரு வந்தாலும் பையன்னே சொல்ற?"

வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பையன்னு சொன்னா மறுநாளே மீனு வாங்குவாக. முட்ட குடுப்பாக. தண்ணிக் கொடத்தத் தூக்காதங்குவாக. பொண்ணுன்னு சொல்லிட்டா அவளுக்கு யாருத்தா வாங்கிக் குடுப்பா?"

"பொண்ணு பொறந்துட்டா?"

"பொறக்கட்டும். அதுக்குள்ள தின்னுருவாள்ல."

எங்கள் ஊரிலிருந்து உசிலம்பட்டிக்கு ஒரு மணி நேரப் பேருந்து. 1986இல் இந்தியா டுடே அந்த வட்டாரத்தின் பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுதியதும், ஊர்ப்பெயரே அந்தக் குற்றத்துக்கு இன்னொரு பெயராக ஆனதும், 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும், 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்ததும் எங்கள் தலைமுறை பத்திரிகையிலும் திரையிலும் பார்த்து அறிந்தவை. அப்பத்தாவுக்கு அவை பத்திரிகைச் செய்தி இல்லை. அங்கே யாருக்கும் முன்கூட்டித் தெரியத் தேவை இருக்கவில்லை. பிறந்த பிறகுதான் முடிவெடுத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அறியாமை குழந்தையைக் காப்பாற்றும் என்று எளிதாக ஒரு வாதம் வைக்கலாம். குறி சொல்லிய காலத்தில் ஊகம்தான் இருந்தது, ஊகத்தை நம்பி யாரும் கருவைக் கலைக்கவில்லை, ஸ்கேன் வந்து உண்மையைச் சொன்னதும்தான் கொலை கருவறைக்குள் போனது என்று. இந்தியாவில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்களுக்கு 1991இல் 945 பெண்கள் இருந்தார்கள், 2001இல் 927. அந்தச் சரிவில் இயந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் எருக்கம்பாலும் நெல்மணியும் எந்த இயந்திரத்துக்கும் காத்திருக்கவில்லை. தெரியாமல் இருந்த ஒன்பது மாதத்தில் குழந்தை பிழைத்தது, அவ்வளவுதான். பத்தாம் மாதம் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்படியென்றால் அப்பத்தாவின் பொய் எங்கே நிற்கிறது?

எங்கள் தெருவில் இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு மூன்றாவதாக உண்டான ஒரு அக்கா இருந்தார். அப்பத்தா பையன் என்றாள். அந்த ஏழு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவருக்கு முதல்முறையாகத் தனியாகப் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். வளைகாப்புக்குக் கணவர் வீட்டு ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். பிறந்தது பெண். ஒரு மாதம் அந்த வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பையனை வயிற்றில் வைத்திருப்பதுபோல நடித்து நன்றாகத் தின்றாள் என்று அந்த மாமியார் சொன்னது ஊர் முழுக்கச் சுற்றியது. அக்காவின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று அப்பத்தாவைத் திட்டினார். பொய்யான நம்பிக்கை கொடுத்து என் மகளை இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டாய் என்பதுதான் அத்தனை வசவுக்கும் சாரம். அப்பத்தா குறுக்கே பேசவில்லை. அவர் அழுது ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "பிள்ள மூணு கிலோ இருந்துச்சுல்ல?"

முந்தைய இரண்டும் இரண்டு கிலோவைத் தாண்டவில்லை.

பெண் பிறந்த வீடுகளில் மூன்று ராத்திரி அப்பத்தா அங்கேயே படுத்துக்கொள்வாள் என்பது அவள் இறந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாய்க்குக் காயமருந்து அரைத்துக் கொடுக்க என்று காரணம் சொல்வாளாம். பையன் பிறந்த வீடுகளில் மருந்தை அவர்களே அரைத்துக்கொண்டார்கள்.

மாசற்ற நன்மையைத் தரும் என்றால் பொய்க்கும் வாய்மையின் இடம் உண்டு என்கிறார் வள்ளுவர். பலர் அந்தக் குறளை ஒரு சலுகைச் சீட்டுபோலப் பயன்படுத்துகிறார்கள், நிபந்தனையை மறந்துவிட்டு. அந்த நிபந்தனையில்தான் அப்பத்தா எனக்குச் சிக்குகிறாள். அவள் பொய்யால் முட்டை கிடைத்தது. அந்த முட்டை பெண் சிசுவின் எலும்பானது. இதைவிட உறுதியான நன்மை எதைக் காட்ட முடியும்? ஆனால் அந்தப் பொய் வேலை செய்ததே, முட்டை பையனுக்கு உரியது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்ததால்தான். ஒவ்வொரு முறை 'பையன்தான்' என்று சொல்லிச் சோறு வாங்கிக் கொடுத்தபோதும், பையனுக்காகத்தான் சோறு என்ற விதியும் சேர்ந்து உறுதிப்பட்டது. அவளே சொல்லியிருக்கலாம், பொண்ணா இருந்தா என்ன, அவளுக்கும் குடுங்கடி என்று. சொல்லியிருந்தால் மறுமாதம் யாரும் அவளிடம் மருமகளைக் கூட்டி வந்திருக்க மாட்டார்கள்.

ஊரின் நியாயத்தைத் திருத்தும் அதிகாரம் இல்லாதவள், அந்த நியாயத்தின் ஓட்டை வழியாகச் சோற்றைக் கடத்தினாள். அவளுக்கு அந்த ஆறு மாதமும் மூன்று ராத்திரியும்தான் கையில் இருந்தன. அவள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். மாசற்றது என்று மட்டும் சொல்ல வரவில்லை.

என் முறை வந்தபோது அப்பத்தா இல்லை. எஃப் படிவம் இருந்தது. 1994ஆம் ஆண்டின் சட்டப்படி ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நிரப்ப வேண்டிய படிவம் அது. கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ தெரிவிக்கக் கூடாது என்கிறது சட்டம். (சைகை என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. வடக்கே சில ஸ்கேன் மையங்களில் இனிப்பின் பெயரைச் சொல்லி ஆணா பெண்ணா என்று உணர்த்தியதாகச் செய்திகள் வந்ததுண்டு. மனுஷன் எதிலும் குறி வைப்பான்.) அந்தப் படிவத்தில் கர்ப்பிணி ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும்: கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

சொல்லமாட்டார்கள் என்பது எனக்குப் புரிகிறது. கேட்கமாட்டேன் என்றாலும் புரியும். ஆனால் 'விரும்பவில்லை'? நான் விரும்பினேன். பெயர் யோசிக்க, கனவில் வரும் முகத்துக்கு ஒரு வடிவம் கொடுக்க, வெறும் ஆர்வத்தால். என் வீட்டில் எல்லோரும் விரும்பினார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்துக்காக. ஒரு நாட்டில் கோடிக்கணக்கான பெண்கள் கையெழுத்திட்டுச் சொல்கிற பொய் இது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இதுவும் அப்பத்தாவின் பொய் போலத்தான், ஒரு குழந்தையைக் காக்கச் சொல்வது. வரிசையில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்தப் பதில் உயிர்ப்பிரச்சினையாக இருக்கலாம் என்பதால், என் நியாயமான ஆசையையும் சேர்த்துப் பூட்டச் சொல்கிறார்கள். பூட்டிவிட்டுப் போகலாம்.

எனக்குப் பிறந்தது என்னவென்று இந்த இடத்தில் சில வாசகர்களுக்குக் கேட்கத் தோன்றியிருக்கும். எழுதப்போவதில்லை. எழுதினால் மேலே சொன்ன ஒவ்வொரு வரியையும் அதை வைத்துத் திரும்ப எடைபோடத் தோன்றும்.

2024 மே மாதம் தமிழ் யூடியூபர் ஒருவர் துபாயில் பரிசோதனை செய்து, பிறக்கப்போகும் குழந்தையின் பாலினத்தை விழா எடுத்து அறிவித்தபோது சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அப்போது என் நண்பர்கள் பலர், பெண் குழந்தை என்று கொண்டாடுகிறவனை ஏன் பிடிக்கிறார்கள் என்று கேட்டார்கள். வளைகாப்பில் மோதிரத்தைச் சுற்றவிட்டு நாங்களும்தான் சிரிக்கிறோம், நாங்கள் யாரைக் கொன்றோம் என்றும். நல்ல கேள்விதான். எதுவானாலும் ஒன்றுதான் என்று உண்மையிலேயே இருப்பவர்களுக்கு அது விளையாட்டு. நான் அதில் போய் உபதேசம் செய்ய மாட்டேன்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவே காதைக் கொஞ்சம் தீட்டிக் கேட்டுப் பாருங்கள். மோதிரம் ஒரு பக்கம் சுற்றினால் "பையன்!" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இன்னொரு பக்கம் சுற்றினால், "பொண்ணா? நல்லதும்மா, மகாலட்சுமி" என்று ஒரு தெய்வத்தைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். பையன் பிறந்த வீட்டில் "பரவாயில்ல, மகாவிஷ்ணு" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு பதில்களில் ஒன்றுக்கு மட்டும் ஆறுதல் தேவைப்படுகிறது. அந்த ஆறுதலைத் தலையாட்டி வாங்கிக்கொள்ள வேண்டியது வயிற்றோடு உட்கார்ந்திருப்பவள். பாலினத்தைத் தீர்மானிப்பது விந்தணு சுமந்து வரும் குரோமோசோம் என்பது 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழுக்களை ஆராய்ந்ததிலிருந்து தெரிந்த விஷயம். நூறு வருடம் தாண்டியும், கணிப்புக்காக எந்த ஊரிலும் அப்பனை நடக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை.

2016இல் அப்போதைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி நேர்மாறான ஒரு யோசனையைச் சொன்னார். பாலினத்தைக் கட்டாயமாகக் கண்டறிந்து பதிவு செய்துவிட்டால், பெண் கருக்கள் பிறக்கும்வரை கண்காணிக்கலாம் என்று. எதிர்ப்பு வந்தது, யோசனை கிடப்பில் போனது. காப்பாற்றுவதற்காக என்றாலும், பெண் கரு இருக்கும் வயிறுகளுக்கு மட்டும் காவல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்பத்தா மூன்று ராத்திரி படுத்தாள் என்றால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவளைத் தெரியும்.

என்னை அதைவிட ஈர்ப்பது ஒரு சாதாரண அட்டைப்பெட்டி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து சிரப் எல்லாம் அதில் இருக்கும். எதையும் கணிக்காமல், வயிறு கூம்பியதா பரந்ததா என்று பார்க்காமல் கொடுக்கிறார்கள். அப்பத்தா ஆம்பளப் பிள்ளை என்று சொல்லி வாங்கிக் கொடுத்ததை, அரசு ஒன்றும் சொல்லாமலே கொடுக்கிறது. ஏற்கெனவே இரண்டு பெற்றவளுக்குக் கிடையாது. எங்கள் தெரு அக்கா இப்போது உண்டாகியிருந்தால் அவருக்கு வராது.

என் சித்தி மகள் போன மாதம் அந்தப் பெட்டகத்தை வாங்கி வந்தாள். நெய்யை மாமியார் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்களாம். "நேத்து பக்கத்து வீட்டு ஆச்சி வயித்தப் பாத்துட்டு பையன்தான்னு சொன்னாங்க மதினி" என்று போனில் சொன்னாள். கொஞ்சம் இடைவெளி விட்டு, நெய் டப்பா காலையில் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பி வந்துவிட்டதையும் சொன்னாள்.