குடியேறியவனின் கடன்

பிறக்கும் ஊரை மனிதன் தேர்ந்தெடுப்பதில்லை. குடியேறும் ஊரையோ தேர்ந்தெடுக்கிறான். தேர்ந்து செய்யும் எந்தச் செயலுக்கும் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது அறத்தின் முதற்பாடம். அவ்வாறாயின், புதிதாக ஓர் ஊரில் குடியேறுகிறவன் அவ்வூருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? விலை கொடுத்தான், பத்திரம் பதிவு செய்தான், வரி செலுத்துகிறான். அத்துடன் கணக்குத் தீர்ந்ததா?

இவ்வினா நமக்கு ஏட்டைப் படித்து எழுந்ததன்று. நாம் பிறந்த முகையூர் கடலையை அறிந்த ஊர். கடலை அறியாத ஊர். விழுப்புரத்துக்கு மேற்கே, நிலக்கடலையும் கரும்பும் நெல்லும் விளையும் பூமி. உழைத்து ஓய்ந்த காலத்தில் கடலோரத்தில் வாழ வேண்டும் என்ற ஆசை நம்மைப் பற்றிக்கொண்டது. அதே மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்கு அருகே, அலையோசை கேட்கும் தொலைவில் ஒரு வீட்டை வாங்கினோம். சுபுஹு பாங்கும் அலையும் ஒன்றாகச் செவியில் விழுந்த முதல் வைகறையில், இறைவன் நமக்கு நிறையவே கொடுத்துவிட்டான் என்று நெஞ்சம் குளிர்ந்தது.

ஒரு திங்கள்தான் அந்தக் குளிர்ச்சி. வீட்டெதிரே மணலில் மீனவப் பெண்டிர் நெத்திலியும் காரலும் உலர்த்தினர். நாற்றம் தாளவில்லை. சற்றுத் தள்ளிப் போகுமாறு சொன்னோம். அவர்கள் சண்டையிடவில்லை. ஒரு மூதாட்டி மட்டும் கூடையைத் தூக்கியவாறே சொன்னார்: “கடல் வூட்டைக் கேக்குது, நீங்க மணலைக் கேக்குறீங்க. நாங்க எங்க பாய் போறது?”

அச்சொல்லின் பொருள் பின்னரே விளங்கிற்று. சோழமண்டலக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டிருக்கின்றன. 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டப்பெற்ற அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தென்புறத்திலேயே நிறுத்திவிட்டன. முதலில் புதுச்சேரி நகரின் கரை கரைந்தது. நகரைக் காக்கக் கல்லைக் கொட்டினர். அரிப்பு வடக்கே நகர்ந்து, கோட்டக்குப்பத்தை அடுத்த மீனவர் குப்பங்களைத் தின்னத் தொடங்கிற்று. ஆகவே, நமக்கு வெறும் காட்சியாகத் தெரிந்த அந்த மணல், அவர்களுக்கு எஞ்சியிருந்த கடைசிக் களம்!

இஸ்லாமிய வரலாற்றில் குடியேற்றம் சிறியதொரு செய்தியன்று. ஆண்டுக்கணக்கே ஹிஜ்ரத்திலிருந்துதான் தொடங்குகிறது. மக்காவிலிருந்து வெறுங்கையுடன் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை, மதீனாவாசியான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்கு உடன்பிறப்பாக்கினார்கள் நபிகள் நாயகம் (ஸல்). ஸஅது தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். வந்தவரோ அவருக்காகப் பிரார்த்தித்து, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் வினவினார். மனமுவந்து கொடுத்ததைக்கூட எடுத்துக்கொள்ளாமல், அவ்வூரின் உழைப்பில் ஓர் இடத்தை மட்டுமே தேடினார். நாமோ எவரும் கொடுக்காததை எடுத்துக்கொண்டு, அவ்வூரின் உழைப்பை அப்பால் போகச் சொன்னோம்.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய நோயுமன்று. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபர்சோக் என்றொரு சிறு கடலோரச் சிற்றூர். அதன் அழகைக் கண்டு வெளியூர்ச் செல்வர்கள் விடுமுறை வீடுகளை வாங்கிக் குவித்தனர். உள்ளூர் இளந்தலைமுறைக்கு வீடு எட்டாக்கனியாயிற்று. விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளே எஞ்சிய நிலையில், வேல்ஸ் மொழியில் கற்பித்த அவ்வூர்ப் பள்ளி 2021இன் இறுதியில் மூடப்பெற்றது. 2023 முதல், இத்தகைய இரண்டாம் வீடுகளுக்கு 300 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்க அங்குள்ள உள்ளாட்சிகளுக்கு உரிமை உண்டு. ஆனால் வரியால் வீட்டுக்கு விலை வைக்கலாம். அண்டை அயலை உண்டாக்க இயலுமா?

“இறைவனின் பூமி விசாலமானது, எவரும் எங்கும் வாழலாமே” என்று கேட்போர் உண்டு. மெய்தான். இன்று பூர்வீகம் பேசுவோரின் முன்னோரும் ஒருகாலத்தில் வந்தவர்களே. வந்தது குற்றமன்று. ஓர் ஊரின் அழகை விரும்பி, அவ்வூரை ஊராக்கிய மக்களின் வாழ்வை வெறுப்பதே குற்றம். புதுச்சேரிக்கு 1908இல் அடைக்கலம் தேடி வந்த பாரதியார், 1918 வரை அவ்வூராரிடையே அவர்களுள் ஒருவராக வாழ்ந்தார். உள்ளூர் இளைஞர் கனக சுப்புரத்தினம் அவர்பால் கொண்ட பற்றினால் பாரதிதாசன் ஆனார். வந்தவனும் இருந்தவனும் ஒருவரையொருவர் வளர்க்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் பிழையை உணர்ந்து அப்பெண்டிரை மீண்டும் அழைக்கச் சென்றபோது ஐப்பசி பிறந்திருந்தது. கார்த்திகை முடிவதற்குள் வீட்டெதிரே இருந்த மணலைக் கடல் கொண்டுபோயிற்று. நாம் திருப்பிக் கொடுக்க எண்ணியது நம்மிடமே இல்லை. காலம் தாழ்ந்த நீதிக்கு நேரும் கதி இதுதான்.

எஞ்சியது நம் வீட்டு முற்றம். அதைத் திறந்துவிட்டோம். நெடுநாள் தயங்கியபின் அந்த மூதாட்டி வந்தார். இன்று அங்கே கருவாடு காய்கிறது. நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. கடன் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம். திருப்பிச் செலுத்தத் தொடங்கியிருக்கிறோம் என்று மட்டும் சொல்வோம்.