முகவரிப் புத்தகத்தில் இல்லாத பாட்டன்

மூதாதையர் பிறந்த ஊரைத் தேடி அலைவோர் தொகை அண்மைக் காலத்தில் பெருகி வருகிறது. அவர்கள் கையில் எடுக்கும் ஏடுகளுள் பழைய நகரங்களின் முகவரிப் புத்தகங்களும் அடங்கும். இலண்டன் மாநகரில் 1677ஆம் ஆண்டிலேயே வணிகர்களின் பெயர்களையும் அவர்கள் வாழ்ந்த இடங்களையும் தொகுத்துச் சிறு நூலாக அச்சிட்டனர். 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய நூல்கள் தெரு வாரியாகவும் வீட்டு எண் வாரியாகவும் விரிந்து, பல நகரங்களில் ஆண்டுதோறும் வெளிவரலாயின. சரக்கு அனுப்புகிறவனுக்கும் கடிதம் எழுதுகிறவனுக்கும் கடனை வசூலிக்க வருகிறவனுக்கும் உதவுவதற்காக எழுந்த நூல்கள் அவை. நூறாண்டு கழித்து ஒரு பேரன் அவற்றின் மஞ்சளேறிய தாள்களில் தன் பாட்டனைத் தேடுவான் என்று அவற்றைத் தொகுத்தவர்கள் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

முகவரிப் புத்தகம் ஒருவன் எங்கே பிறந்தான் என்பதைச் சொல்வதில்லை. அந்த ஆண்டில் அவன் எங்கே குடியிருந்தான் என்பதை மட்டுமே அது சொல்லும். ஆகவே தேடுகிறவன் ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போகவேண்டும். 1912இல் இருக்கும் பெயர் 1911இல் இல்லையென்றால், அதற்கு முன்பு அவன் வேறு தெருவில் இருந்திருக்கலாம். தந்தையின் வீட்டில் இருந்திருக்கலாம். தொகுப்பாளர் கதவைத் தட்டிய வேளையில் எவரும் திறக்காமலும் இருந்திருக்கலாம். தெருக்களும் நிலையாக நிற்பதில்லை. சென்னையில் மவுண்ட் ரோடு அண்ணா சாலையாயிற்று. கருப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. 1970களின் இறுதியில் தெருப்பெயர்ப் பலகைகளிலிருந்து சாதிப் பெயர்கள் நீக்கப்பட்டபோது பல தெருக்கள் பாதிப் பெயரோடு நின்றன. 'பழைய எண்', 'புதிய எண்' என்று இரண்டு எண்களைச் சுமக்கும் நம் வீட்டுக் கதவுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இத்தொல்லையை விளக்க வேண்டியதில்லை. இத்தனையையும் கடந்து தெருவைக் கண்டுபிடித்தபின், அத்தெரு எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று கேட்டறிந்து, அப்பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைத் திறக்கவேண்டும். 1563இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் பங்குப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியதன் பயனை அங்கேதான் நாம் காண்கிறோம். பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும், அதிர்ஷ்டம் இருந்தால் பிறந்த இடமும் அங்கே கிடைக்கும். முகவரிப் புத்தகம் வழிகாட்டும் கைகாட்டி மரம். அதுவே ஊராகிவிடாது.

இனி, அப்புத்தகங்களில் யார் இருக்கிறார்கள்? வீட்டின் தலைவன் இருக்கிறான், கடைக்காரன் இருக்கிறான், அலுவலர் இருக்கிறார். அவர்களுடைய மனைவியர் பெரும்பாலும் இல்லை. ஒண்டுக் குடித்தனக்காரன் இல்லை. சமையல் செய்தவள் இல்லை. சென்னை மாகாணத்தின் புகழ்பெற்ற விவரத் திரட்டை ஆண்டுதோறும் வெளியிட்ட அசைலம் அச்சகம், 1789இல் சென்னையில் தோன்றிய படைவீரர்களின் ஆண் அநாதைகள் இல்லத்திலிருந்து தன் பெயரைப் பெற்றது. ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்து, தந்தையை இழந்தும் தந்தையால் கைவிடப்பட்டும் வந்த பிள்ளைகள் பலர் அவ்வில்லத்தில் வளர்ந்தனர். ஊரிலுள்ள பெரிய மனிதர்கள் எல்லாரும் எங்கே வாழ்கிறார்கள் என்பதை உலகுக்கு அறிவித்த நூலின் முகப்பில், முகவரியற்ற பிள்ளைகளின் இல்லப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது!

கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்டு வந்த இலங்கை விவரத் திரட்டு இன்னும் கூர்மையான உண்மையை நமக்குச் சொல்கிறது. மலைநாட்டின் ஒவ்வொரு காப்பி, தேயிலைத் தோட்டமும் அதில் உண்டு. பரப்பளவு எத்தனை ஏக்கர், உடைமையாளர் யார், கண்காணிக்கும் துரை யார் என்பதெல்லாம் ஒழுங்காக அச்சாகியிருக்கும். அந்த ஏக்கர்களில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணின் பெயர் அங்கே இல்லை. லயத்து அறைக்குத் தெருவும் இல்லை, அஞ்சல்காரன் தேடி வரும் எண்ணும் இல்லை. போதாக்குறைக்கு, தொழிலாளர் ஒவ்வொரு தோட்டத்தையும் தமிழில் வேறொரு பெயரால் அழைத்தனர். பாட்டி வாயிலிருந்து கேட்ட தோட்டப் பெயரை வைத்துக்கொண்டு ஆங்கில அட்டவணையில் தேடுகிறவன் வெறுங்கையோடுதான் திரும்புவான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல் கடந்து போன தொழிலாளிக்குத் தோட்டத்தின் குறியீடும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அவனுக்குக் கிடைத்த முகவரி அதுதான்.

இதை ஏதோ பழங்கதை ஆராய்ச்சி என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் அந்நாட்டில் பிறந்திருந்த ஒருவன் வம்சாவளியால் குடிமகனாக ஏற்கப்படவேண்டுமானால், அவன் தந்தை அங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்கவேண்டும் என்று வரையறுத்தது. அந்நாட்டிலோ பிறப்புப் பதிவு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கட்டாயமாயிற்று. 1948இல் நாற்பது வயதான ஒரு தொழிலாளி, பதிவே கட்டாயமில்லாத காலத்தில் லயத்து அறையில் பிறந்த தன் தகப்பனுக்கு எங்கிருந்து அத்தாட்சி கொண்டுவருவான்? 1949இல் வந்த மற்றொரு சட்டத்தின்கீழ் ஏறக்குறைய 8 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவிலேயே ஏற்கப்பட்டனர். 1964இல் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்கள் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அதில் எழுதப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யலாம் என்றனர். 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். அங்கேயே தங்கிவிட்டவர்களின் வழக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தீர்வை எட்டியது. பாட்டன் பிறந்த இடம் தெரியாத குற்றத்திற்காகப் பேரன் இரண்டு தலைமுறை நாடற்றவனாக இருந்தான்.

அவ்வாறு திரும்பி வந்தவர்கள் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறிக்கக் குடியமர்ந்தனர். மலைப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில் அவர்களுடைய பிள்ளைகள் சான்றிதழுக்காக அடிக்கடி வருவதுண்டு. முதியவர் ஒருவர் ஒரு நாள் தம் பையிலிருந்த தாள்களையெல்லாம் என் மேசைமேல் பரப்பிவிட்டுச் சொன்னார்: "சாமி, நாங்க பொறந்த ஊர்ல எங்கப்பன் பொறந்ததுக்கு அத்தாட்சி கேட்டாங்க. எங்கப்பன் பொறந்த ஊர்ல நாங்க பொறந்ததுக்கு அத்தாட்சி கேக்குறாங்க." அவர் குரலில் கோபமில்லை. ஒரு விடுகதையைச் சொல்லிவிட்டு விடைக்காகக் காத்திருப்பவர் போலிருந்தார்.

அவருடைய விடுகதை அறநெறி பற்றிய ஒரு பெரிய வினாவை உள்ளடக்கியிருக்கிறது. பிறந்த இடம் என்பது மனிதனுக்கு என்னவாகிறது? அது அவனுடைய சாதனையன்று. அவன் தேர்ந்தெடுத்ததும் அன்று. தன் பிறப்பை அவன் நேரில் அறிந்தவனும் அல்லன். புனித அகுஸ்தீனார் தம் தன்வரலாற்றின் முதற் பகுதியில் இதை நினைத்து வியக்கிறார். தம் குழந்தைப் பருவம் தமக்கு நினைவில் இல்லையென்றும், பிறர் சொன்னதை நம்பியே அதை ஏற்க வேண்டியிருக்கிறதென்றும் கூறுகிறார். அடையாள அட்டையில் நாம் முதன்முதல் எழுதுகிற செய்தி, பிறர் வாய்மொழியை நம்பி நாம் ஏற்றுக்கொண்ட செய்தி. நம் பிறப்பே அப்படியென்றால் பாட்டன் பிறப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

புனித தோமா அக்குவினார் பெற்றோரையும், நாம் பிறந்து ஊட்டம் பெற்ற நாட்டையும், இறைவனுக்கு அடுத்தபடியாக நம் இருப்பின் தோற்றுவாய்கள் என்கிறார். ஆகவே அவர்களுக்குரிய பற்றையும் பணிவையும் செலுத்துதல் நீதியோடு இணைந்த ஒரு நற்பண்பு என்பது அவர் முடிவு. குருமடத்தில் இதைப் படித்தபோது வெறும் பாகுபாடாகவே எனக்குத் தோன்றியது. சான்றிதழ் கேட்டு வந்தவர்களைப் பார்த்தபின் அதன் கனம் விளங்கிற்று. அக்குவினாருடைய கணக்கில் மூதாதையர் ஊர் நாம் திருப்பிச் செலுத்தவேண்டிய கடன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கிலோ அது பட்டாவைப்போல் எடுத்துக் காட்டவேண்டிய உரிமைப் பத்திரம். கடனை நினைக்கிறவன் தலை தாழ்கிறான். பத்திரம் வைத்திருப்பவன் பத்திரம் இல்லாதவனை வெளியே நிறுத்துகிறான். ஒரே ஊர், ஒரே பாட்டன், ஒரே பதிவேடு. கையில் எடுத்தவனின் நோக்கம் மாறும்போது அறம் அநீதியாகிவிடுகிறது.

இது அரசுகளின் பிழை மட்டும் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களுள் சில குருக் குடும்பங்கள் தங்கள் தலைமுறை அட்டவணையைத் தேடிக் காணாமையால் குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டதை எஸ்ரா நூலில் வாசிக்கிறோம். நம் பங்குகளிலும் பழைய பதிவேடுகளைப் பார்க்க விரும்புவோர் எல்லாரும் நன்றியுணர்வோடு வருவதில்லை. அந்நாளைய ஏடுகள் பலவற்றில் சாதியும் குறிக்கப்பட்டிருக்கிறது. 'எங்கள் குடும்பம் இந்தக் கோயிலைக் கட்டிய குடும்பம்' என்று நிலைநாட்ட வருகிறவர்களும், திருவிழாவில் முதல் மரியாதைக்கு ஆதாரம் தேடுகிறவர்களும், சம்பந்தம் பேசுமுன் எதிர்வீட்டாரின் பூர்வீகத்தைத் துருவிப் பார்க்க விரும்புகிறவர்களும் உண்டு. இவர்கள் கையில் பாட்டனின் பெயர் ஒரு தடியாகிறது. இத்தகையோருக்கு ஏட்டைத் திறக்க நான் கடமைப்பட்டவன் அல்லேன் என்பது என் துணிபு.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. பழைய ஏட்டில் சிலவேளை தகப்பன் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். மணமாகாத தாயின் குழந்தையைப் பதிவு செய்யும்போது, அவள் தாய் என்பது வெளிப்படையாகத் தெரிந்திருந்தால், அல்லது அவளே விரும்பிக் கேட்டால் அவள் பெயரை எழுதவேண்டும் என்றும், பொது ஆவணமோ அவனுடைய ஒப்புதலோ இருந்தாலன்றித் தந்தையின் பெயரை எழுதலாகாது என்றும் இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 877ஆம் விதி கூறுகிறது. ஒரு பெண்ணின் மானத்தையும் ஒரு குழந்தையின் உண்மையையும் ஒருங்கே காக்க முயலும் விதி இது. நூறாண்டு கழித்து வருகிற கொள்ளுப்பேரன் அந்த வெற்றிடத்தைப் பார்க்க உரிமையுள்ளவனா? இறந்தவளுக்கு மறைவு என்று ஒன்று கிடையாதா? உண்மையை அறியும் உரிமை இரத்த உறவினனுக்கு உண்டென்றே நான் கருதுகிறேன். ஆயினும் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அவன் கையில் கொடுத்தனுப்பிவிடுவது போதாது. அவன் அருகில் அமர்ந்து, அப்பெண் தன் குழந்தையைக் கைவிடாமல் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள் என்பதையும் அதே வரியிலிருந்து அவனுக்குப் படித்துக் காட்டவேண்டும். மத்தேயு நற்செய்தியாளர் மீட்பரின் மூதாதையர் வரிசையில் தாமாரையும் இராகாபையும் மறைக்காமல் எழுதிவைத்தார். உரியாவின் மனைவியைப் பெயர் சொல்லாமலே குறித்தார். மறைக்காமல் எழுதவும், எழுதும்போதே மென்மையாக எழுதவும் முடியும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மேலே சொன்ன முதியவரின் பேரன் படித்த பிள்ளை. தன் பூட்டி பிறந்த ஊரைக் கண்டுபிடித்தே தீருவது என்று இரண்டு ஆண்டு உழைத்தான். குடும்பத்தில் இருந்த பழைய தாள் ஒன்றில் திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் இருந்தது. பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தான். அந்த ஊரில் அவர்களை அறிந்தவர் எவருமில்லை. ஆட்களைச் சேர்த்துக் கடல் கடந்து கூட்டிப்போன கங்காணியின் ஊர் அது என்பதை அங்கிருந்த ஒரு மூதாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டான். அவனோடு சென்ற அத்தனை பேருக்கும் அவன் ஊரையே எழுதியிருக்கிறார்கள்! பூட்டி எங்கிருந்து நடந்து வந்து அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாளோ, அறிய வழியில்லை.

அந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன் அவன் என்னிடம் வந்தான். பூட்டிக்காக ஒரு பூசை வைக்கவேண்டும் என்றான். பெயரைக் கேட்டேன். சொன்னான். "ஊர் பேரு இல்லாம எழுதலாமா சாமி?" என்று தயங்கினான். திருப்பலிக் கருத்து ஏட்டில் ஊருக்கென்று பத்தி கிடையாது. அதை அவனிடம் திருப்பிக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளோடு கப்பலேறி வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனதாகப் பாட்டி சொல்லக் கேட்ட அவள் தங்கையின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னான்.