மழைமேல் போட்ட பழி

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், ஐப்பசி கார்த்திகையில் ஒரு விபத்து நடந்தால் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது மழைதான். ‘மழை சார். கண்ணாடியில ஒண்ணுமே தெரியல சார். பிரேக் அடிச்சேன், வண்டி நிக்கல சார்’ என்பார் வண்டி ஓட்டியவர். வண்டியின் சொந்தக்காரரும் மழை என்பார். கம்பெனிக்காரர் ‘எதிர்பாராத சம்பவம்’ என்பார். இழவு வீட்டுக்கு வந்தவர்கள் ‘அவன் விதி அவ்ளோதான்’ என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். ஓர் உயிர் போயிருக்கிறது. நாலு பேர் பேசியிருக்கிறார்கள். ‘இதில் என் கையும் இருக்கிறது’ என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

அப்படிச் சொல்வது என்றால் என்ன, யார் சொல்ல வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தலித்துகளாகிய நமக்கு இது சுலபமான கேள்வி இல்லை. அடுத்தவன் செய்ததற்கெல்லாம் பழி சுமந்த கூட்டம் நாம். ‘பொறுப்பு ஏற்றுக்கொள்’ என்று எவராவது சொன்னால், எவன் பழியை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். தோன்றுவது நியாயமும்கூட.

முதலில் மழையை விடுவிப்போம். வடகிழக்குப் பருவமழை சொல்லாமல் கொள்ளாமல் வருகிற விருந்தாளி அல்ல. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். முதல் மழையில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து தார்ச்சாலை வழுக்கும் என்று வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆளைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்தத் தூரம் கழிந்துவிடும். ஈரச் சாலையில் அதற்குப் பிறகும் வண்டி இழுத்துக்கொண்டு போய்த்தான் நிற்கும். டயரில் இருக்கிற பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக வெட்டப்பட்டவை. நான்கு சக்கர வண்டிகளில் அவற்றின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று மோட்டார் வாகன விதிகள் சொல்வது அதனால்தான். மொட்டை டயர் தண்ணீர்மேல் மிதக்கும். ஆக, மழைக்கு முன்பே யார் யாரோ எடுத்துவைத்த முடிவுகளைத்தான் மழை வந்து சோதித்துப் பார்க்கிறது.

அந்த முடிவுகளை எடுத்தவர்கள் யார்? ஒரு வண்டியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வேன். ஓட்டுகிறவர் ஒரு டிராவல்ஸ்காரரிடம் சம்பளம் வாங்குகிறவர். ராத்திரி ஷிப்ட் முடிந்த பெண்களை ஊர் ஊராக இறக்கிவிட்டு வந்து, வண்டியிலேயே இரண்டு மணி நேரம் சாய்ந்து எழுந்தவர். டயரை மாற்றச் சொல்லி முதலாளியிடம் இரண்டு தரம் கேட்டிருக்கிறார். ‘தீபாவளி போகட்டும்பா’ என்று பதில் வந்திருக்கிறது. அந்த முதலாளி அடிமாட்டு விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர். வண்டி தாமதமானால் டிராவல்ஸுக்கு அபராதம், தொழிலாளிக்குச் சம்பள வெட்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியவர் ஏசி அறையில் இருப்பவர். அதே நேரத்தில் காலனியிலிருந்து சைக்கிளில் வருகிறார் துப்புரவு ஒப்பந்தத் தொழிலாளி ஒருத்தர். அவருக்கும் ஆறு மணிதான். சாலையை அகலப்படுத்தியவர்கள் சைக்கிளுக்கு என்று ஓரம் விடவில்லை. இருக்கிற ஓரத்திலும் தண்ணீர் தேங்கிக் கிடப்பதால் அவர் தார்மேல் ஏறி வருகிறார்.

இது எந்தக் கம்பெனியின் கதையும் இல்லை, யோசிப்பதற்காகக் கற்பித்துச் சொல்வது. ஆனால் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கி, 2010-இல் ஒரகடத்துக்கும் வந்து சேர்ந்த பிறகு, இந்தப் பக்கம் ஷிப்ட் வண்டி ஏறிய எவரும் ‘இப்படியெல்லாம் நடக்காது’ என்று சொல்லமாட்டார்கள். ஓட்டுநருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. தூக்கம் கெட்டவன் கையில் வண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மழைமேல் பழி போடுவது வேன் ஓட்டுநர் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. இதே வட்டாரத்துச் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1-ஆம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. வரலாறு காணாத மழை என்று அரசு சொன்னது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை, அது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றது. மேலே இருப்பவர்கள் ‘மழை’ என்றால் அது அரசு விளக்கம். வேன் ஓட்டுகிறவன் ‘மழை’ என்றால் ‘பொய் சொல்றியாடா’ என்று கன்னத்தில் ஓர் அறை. ஒரே சாக்குதான். சொல்கிற வாயைப் பொறுத்து அதற்கு மதிப்பு மாறுகிறது.

‘விதி’ என்கிற சாக்கையும் பார்த்துவிடுவோம். தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தலையில் எழுதினது ஒன்று, தாளில் எழுதினது இன்னொன்று. அண்ணல் அம்பேத்கர் 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேசவிடாமல் தடுக்கப்பட்டு, தானே அச்சிட்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் விதிகளையும் நெறிகளையும் பிரித்துக் காட்டுகிறார். விதியைப் பின்பற்றுகிறவன் இயந்திரம்போலச் செய்கிறான், நெறியைப் பின்பற்றுகிறவன் யோசித்துச் செய்கிறான், அதனால் தான் செய்ததற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாகிறான் என்பது அவர் வாதம். மதம் வெறும் விதிகளின் மூட்டையாகிவிட்டால் பொறுப்பு என்பதே செத்துப்போகிறது என்றார். அவர் இந்து மதத்தைப் பற்றிச் சொன்னது தொழிற்பேட்டைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒப்பந்தம் விதிப்படி. நேரம் விதிப்படி. அபராதம் விதிப்படி. கடைசியில் சாவும் ‘விதிப்படி’. இரண்டு விதியும் கைகோர்த்துக்கொள்கிற இடத்தில் மனிதன் காணாமல் போகிறான்.

தமிழர்கள் பொறுப்பைப் பற்றிப் பேசினால் மனுநீதிச் சோழனை இழுக்காமல் விடமாட்டார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சிலை இருக்கிறது. ஒரு விதத்தில் அது நம்முடைய முதல் வாகன விபத்து வழக்கு. பெரியபுராணத்தில் அதைச் சொன்ன சேக்கிழாரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், குன்றத்தூர். திருவாரூர் வீதியில் இளவரசன் தேரில் போகிறான். யாரும் கவனிக்காதபோது கன்றுக்குட்டி ஒன்று சக்கரத்தில் மாட்டிச் சாகிறது. பசு வந்து அரண்மனை மணியை அடிக்கிறது. அந்தணர்கள் சொல்கிற பிராயச்சித்தத்தைச் செய்துவிட்டால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். மன்னன் மறுக்கிறான். இந்த மறுப்பை நாம் மதிக்க வேண்டும். பிராயச்சித்தம் செய்தால் இளவரசனின் பாவம் கழியும், அந்தணருக்குத் தானம் கிடைக்கும். பசுவுக்கு என்ன கிடைக்கும்? கன்றை இழந்தவளுக்கு யாரும் பதில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மகன்மேல் தேரை ஏற்று என்று மன்னன் ஓர் அமைச்சனுக்குக் கட்டளை இடுகிறான். இளவரசனைக் கொல்லவும் மனமில்லாமல், கட்டளையை மீறவும் முடியாமல் அந்த அமைச்சன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். பிறகுதான் மன்னன் தானே தேர் ஓட்டுகிறான். சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறார் என்பது வேறு விஷயம். நீதிக்குப் பேர்போன அந்தக் கதையிலேயே, மேலே இருக்கிறவன் பொறுப்பேற்பதற்கு முன்னால் கீழே இருக்கிறவன் ஒருவன் சாக வேண்டியிருந்தது. சிலை மன்னனுக்கு. அமைச்சன் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2024 மே 19-ஆம் தேதி புனேயில் 17 வயதுப் பையன் ஒருவன் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி, மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் செத்தார்கள். சாலைப் பாதுகாப்பைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுது என்கிற நிபந்தனையோடு பையனுக்கு முதலில் ஜாமீன் கிடைத்தது. அங்கே மழை வரவில்லை, அதனால் வேறு ஒரு முதுகு தேவைப்பட்டது. ‘நான்தான் ஓட்டினேன்’ என்று சொல்லும்படி குடும்பத்து ஓட்டுநரை அடைத்துவைத்து மிரட்டினார்கள் என்று போலீஸ் வழக்குப் பதிந்தது. மழை கிடைத்தால் மழைமேல், மழை கிடைக்காவிட்டால் சம்பளக்காரன்மேல். பழி எப்போதும் பள்ளம் பார்த்துத்தான் ஓடுகிறது.

இதுவரை சொன்னதில் நமக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. சங்கடம் இனிமேல்தான். அந்த வேனை ஓட்டியவரும் நம் சேரிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளில் வந்தவரும் நம்மவர். இப்போது என்ன சொல்வது? ‘அமைப்புதான் குற்றவாளி, பாவம் அவன் என்ன பண்ணுவான்’ என்று முடித்துக்கொள்ளலாமா? நம் கூட்டங்களில் பல சமயம் அப்படித்தான் முடிக்கிறோம். அமைப்பு என்கிற சொல்லும் மழை மாதிரி ஆகிவிடுகிறது. எல்லோர்மேலும் பெய்கிறது, யாரையும் சுட்டுவதில்லை.

தம்மபத உரையில் சக்குபாலர் என்கிற பார்வையற்ற பிக்குவின் கதை வருகிறது. மழை பெய்து ஓய்ந்த இரவில் அவர் நடை பழகுகிறார். மண்ணிலிருந்து வெளியே வந்த பூச்சிகள் அவர் காலில் மிதிபட்டுச் சாகின்றன. மற்ற பிக்குகள் குறை சொல்ல, கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை, எண்ணம் இல்லாத இடத்தில் பாவம் இல்லை என்கிறார் புத்தர். நம் ஓட்டுநருக்கும் இது ஆறுதல். அவர் கொலைகாரர் இல்லை. அவரைக் கொலைகாரனைப்போல நடத்துகிற போலீஸும் கூட்டமும் தவறு செய்கிறார்கள். ஆனால் அந்தப் பூச்சிகளின் பெண்டாட்டி பிள்ளைகள் மறுநாள் வந்து வாசலில் நிற்கவில்லை. சைக்கிளில் வந்தவரின் குடும்பம் நிற்கிறது. அவர்களுக்குப் பாவக் கணக்கு வேண்டாம். ‘எங்க வீட்டு ஆம்பள எப்டி செத்தான்? ஒடனே தூக்கினு போனீங்களா? தண்ணி கேட்டானா?’ இதற்குப் பதில் வேண்டும். அந்தப் பதிலைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஓட்டுநர்தான்.

குற்றம் வேறு, பழி வேறு, பொறுப்பு வேறு. குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கும். பழியை பலமுள்ளவன் தீர்மானிப்பான். பொறுப்பை அவரவர்தான் எடுத்துக்கொள்ள முடியும். ‘பொறு’ என்கிற வேர்ச்சொல்லிலிருந்துதான் பொறுமையும் பொறுப்பும் வருகின்றன. சுமப்பது என்று பொருள். காலகாலமாக நம்மிடம் சொல்லப்பட்டதெல்லாம் ‘பொறுத்துக்கோ’ என்பதுதான். பொறுமை நமக்கு, பொறுப்பான பதவி அவர்களுக்கு என்று ஒரே சொல்லை இரண்டாகப் பிளந்து பங்கு பிரித்துக்கொண்டார்கள். நாம் வெறும் கைகள், ஏவினால் செய்கிறவர்கள், நமக்கு எண்ணம் கிடையாது, ஆகவே பொறுப்பும் கிடையாது என்பதுதான் சாதி நம்மைப் பற்றிச் சொல்கிற பெரிய பொய். ‘அவன் என்ன பண்ணுவான், பாவம்’ என்று நாமே சொல்லும்போது அந்தப் பொய்க்கு நாமும் கையெழுத்துப் போடுகிறோம். ‘இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு சாவியைக் கையில் வாங்கினேன். மழையில் வேகத்தைக் குறைத்திருக்கலாம், குறைக்கவில்லை’ என்று ஒருத்தர் சொல்வது தலை குனிவதாகாது. நானும் யோசிக்கத் தெரிந்த மனுஷன் என்று சொல்வது அது.

ஆனால் அப்படிச் சொன்னவர் அடிபடாமல் வீடு போய்ச் சேர வேண்டும். அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க ஓட்டுநர் ஏற்பாடு செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போகலாம் என்பதையும் அதே பிரிவு ஒத்துக்கொள்கிறது. தெரிவிக்காமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று புதிய நியாயச் சட்டத்தில் எழுதியபோது, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுக்க வண்டியை நிறுத்தினார்கள். ஜூலை 1-ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஓட்டுநர்களின் பயம் பொய்யில்லை. நின்றால் அடி, ஓடினால் ஜெயில். ஓட்டுநர் ஒருவருக்கே இவ்வளவு தண்டனையை எழுதத் தெரிந்தவர்கள், ஷிப்ட் நேரத்தைக் குறித்தவரைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வரி எழுதவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப் மோதி நடந்துபோன ஒருவர் செத்த வழக்கில், ஓட்டியவரின் கவனக்குறைவு நிரூபணமாகாவிட்டாலும் வண்டிக்காரர் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான ஒன்றைச் சாலையில் ஓடவிட்டு லாபம் பார்க்கிறவர் அதனால் வருகிற கேட்டையும் சுமக்க வேண்டும் என்பது நல்ல நெறி. அதைப் பணத்தோடு நிறுத்தாமல் பேச்சுக்கும் கொண்டுவர வேண்டும். விபத்து நடந்த மறுநாள் சங்கம் கேட்டில் கூடும்போது நஷ்ட ஈட்டுத் தொகையை மட்டும் பேசிக் கலையக் கூடாது. அந்த ஓட்டுநர் முந்தின நாள் எத்தனை மணி நேரம் ஓட்டினார், டயரை மாற்ற வேண்டாம் என்றது யார், மழை நாளில் பத்து நிமிஷம் தாமதத்தை ஒத்துக்கொள்ளாதது யார் என்று பெயரோடும் பதவியோடும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளோடு ஓட்டுநரையும் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் துணைக்கு நிற்க, செத்தவர் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அவர் அங்கே நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். டிராவல்ஸ்காரரும் கம்பெனிக்காரரும் அதே திண்ணையில் வந்து உட்காரும்வரை, ஓட்டுநர் சொன்னது கதையில் பாதிதான் என்று அந்த வீட்டுக்கும் ஊருக்கும் நாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.