தானம் கொடுத்த மாட்டின் பல்

ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பிழைக்கிற எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பேக்கேஜை வெளியிடும்போது, பிரவுசர் அப்படியே எடுத்து ஓட்டக்கூடிய ஒற்றைக் கோப்பையும் சேர்த்து வைப்போம். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி, இடைவெளிகளையும் குறிப்புகளையும் நீக்கி, மாறிகளின் பெயர்களை ஓரெழுத்தாகச் சுருக்கிய கோப்பு. பிரவுசர் அதைச் சுலபமாகப் படித்துவிடும். மனிதர் படிப்பது ரொம்பக் கஷ்டம்.

இதை நான் கொடை என்றே நினைக்கிறேன். 2006இல் வந்த ஜேக்வெரியைப் பக்கத்தில் சேர்க்க ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரி போதும். வேறெதுவும் தெரியாத பள்ளி மாணவிகூட அந்த வரியை ஒட்டிவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். "முதல்ல பில்ட் கருவியெல்லாம் கத்துக்கிட்டு வா" என்று அவளை வாசலிலேயே நிறுத்துவது திமிர்.

ஆனால் இந்தக் கொடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் படிக்கக் கிடைப்பது ஒன்று, ஓடுவது இன்னொன்று. முன்னதிலிருந்துதான் பின்னது வந்தது என்பதற்குப் பெரும்பாலும் கொடுத்தவரின் வாய்ச்சொல்தான் சாட்சி.

2018இல் நடந்ததைப் பாருங்கள். 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்ற பேக்கேஜை அதை எழுதியவர் பயன்படுத்துவதையே விட்டிருந்தார். பார்த்துக்கொள்கிறேன் என்று வந்த முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் 'ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீம்' என்ற குட்டிப் பேக்கேஜை அதனுடன் இணைத்தார். அதன் கிட்ஹப் மூலநிரல் சுத்தமாக இருந்தது. என்பிஎம்மில் ஏற்றிய சுருக்கிய கோப்புக்குள்தான், கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்த திருட்டு நிரல் இருந்தது. மூலத்தை வரிவரியாகப் படித்தவருக்கும் அது தெரிந்திருக்காது.

மிளகாய் அரைக்க மில்லுக்குப் போகும் அம்மாக்கள் மெஷின் பக்கத்திலேயே நிற்பது இதனால்தான். பொடியான பிறகு மிளகாயும் செங்கலும் ஒரே நிறம்.

"இலவசமா குடுத்தவன்கிட்ட கணக்குக் கேப்பியா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த நிரல்களை எழுதுகிறவர்களில் பலருக்குச் சம்பளம் கிடையாது. 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்று உரிமத்திலேயே எழுதித்தான் தருகிறார்கள். போதாததற்கு, முழுச் சரிபார்ப்பு என்பதே ஒரு மாயை. கென் தாம்ப்சன் 1984இலேயே காட்டினார்: மூலநிரலில் தடயமே இல்லாமல், கம்பைலருக்குள்ளேயே கள்ளத்தை ஒளித்து வைக்க முடியும். எங்காவது ஓரிடத்தில் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும்.

நம்பித்தான் ஆக வேண்டும் என்பதாலேயே, எப்படிப்பட்ட நம்பிக்கையைக் கேட்கிறோம் என்பது முக்கியமாகிறது. 'என்னை நம்பு' என்பது ஒன்று. 'வேண்டுமானால் நீயே அரைத்துப் பார், இதே பொடிதான் வரும்' என்பது வேறு. மூலத்தையும், பயன்படுத்திய கருவிகளின் துல்லியமான பதிப்புகளையும், கட்டும் முறையையும் வெளியிட்டு, யார் கட்டினாலும் பைட் மாறாமல் அதே கோப்பு வரும்படி செய்யலாம். ஒரு பேக்கேஜ் எந்த மூலத்திலிருந்து, எங்கே கட்டப்பட்டது என்பதற்கான சான்றை இணைக்க 2023இலிருந்து என்பிஎம்மே வழி தருகிறது. மூலமே கெட்டிருந்தால் இவை காப்பாற்றாது. ஆனால் கள்ளத்தை வெளிச்சத்துக்கு, யாராவது படிக்கக்கூடிய இடத்துக்குத் தள்ளிவிடும்.

அந்த மாணவி ஒருபோதும் சரிபார்க்க மாட்டாள். அவள் பார்க்க வேண்டியதும் இல்லை. அவளுக்காக வேறு யாரோ ஒருவர் பார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான். அதே கோப்பை வைத்துப் பணம் பண்ணுகிற நிறுவனங்கள்தான் முதலில் பார்க்க வேண்டியவர்கள். கொடுப்பவரிடம் நான் கேட்பது உத்தரவாதம் அல்ல. மாட்டைத் தாராளமாகத் தானம் கொடுங்கள், வாயைத் தைத்துவிட்டு மட்டும் கொடுக்காதீர்கள்.